கட்டிய கைகள் கலையலாமா?

2021-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 28-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 10.24 மணிக்குச் சிரீ அரிக்கோட்டையிலிருந்து பி.எசு.எல்.வி.–சி51 ஏவூர்தி விண்ணேறியது. பிரேசில் நாட்டின் 'அமசோனியா–1' அதன் தலைமைச் சுமை. அதனுடன் 18 சிறு செயற்கைக்கோள்களும் சென்றன. அவற்றுள் ஒன்று, திருப்பெரும்புதூரை அடுத்த சுங்குவார்ச்சத்திரத்துச் சேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரியின் பெயரைத் தாங்கிய 'சிட்சாட்'. கோவைச் சிரீ சக்தி பொறியியற் கல்லூரியின் கோளும், நாகபுரிக் கல்லூரி ஒன்றன் கோளும் அதற்கு உடன்பிறப்புகள். மூன்றும் ஒன்றிணைந்து, நிலத்திலிருந்து வரும் வானொலிக் குறிப்புகளை வாங்கி மீள அனுப்பும் பணிக்கென அமைக்கப்பட்டவை.

திருப்பெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் உலகறிந்த தொழில் வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து, ஒரகடத்தில் மகிழுந்தும் சரக்குந்தும் மிதியா ஈருருளியும், சுங்குவார்ச்சத்திரத்தில் வீட்டு மின்பொருள்கள், திருப்பெரும்புதூரில் கைப்பேசி என்று ஆண்டு முழுவதும் பொருள்கள் வெளிவந்தவண்ணம் உள்ளன. விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பணியாளர்களை ஏற்றிக்கொண்டு நிறுவனப் பேருந்துகள் பெங்களூர்ச் சாலையில் அணி அணியாகச் செல்கின்றன. ஆனால் அப்பொருள்களுள் மிகப் பலவற்றின் வரைவு அயல்நாட்டில் பிறந்தது. இன்ன உறுப்பு இன்ன அளவில் ஏன் இருக்க வேண்டும் என்னும் முடிவு அயலார் மூளையில் பிறக்க, அம்முடிவை நிறைவேற்றும் கை மட்டுமே தமிழனுடையதாக உள்ளது. அதே சாலையோரத்துக் கல்லூரி ஒன்றன் பெயரில் ஒரு கோள் விண்ணேறியது என்றால், அது எடையில் சிறிதாயினும் பொருளில் பெரிது.

பெரிது என்று பாராட்டியதோடு நின்றுவிடுவதில்தான் தமிழரின் பழைய குறை மீண்டும் தலைகாட்டுகிறது. ஏவிய நாளில் மாலையிட்டாயிற்று, படம் எடுத்தாயிற்று, நாளிதழில் செய்தி வந்தாயிற்று. பொறியியற் படிப்போ நான்கே ஆண்டு. கோளைக் கட்டப் பழகிய மாணாக்கர், படிப்பு முடிந்ததும் திசைக்கொருவராய்ச் செல்வது இயல்பு. அவர்கள் கையில் ஏறிய திறன் எவரிடம் ஒப்படைக்கப்படுகிறது? அவர்கள் செய்த பிழைகள் எந்த ஏட்டில் எழுதி வைக்கப்படுகின்றன? அடுத்து வருவோர் எங்கிருந்து தொடங்குவர்? இவ்வினாக்களுக்கு விடை இல்லாத இடத்தில், ஒவ்வொரு கோளும் முதற்கோளாகவே இருக்கும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் பின்தங்கியவை அல்ல. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' 2009 ஏப்பிரல் 20-ஆம் நாள் விண்ணேறியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதற் செயற்கைக்கோள் அதுவே. காட்டாங்கொளத்தூரிலிருந்து 10.9 கிலோ எடையுள்ள 'எசு.ஆர்.எம்.சாட்' 2011 அக்தோபர் 12-இல் சென்றது. வளிமண்டலத்தின் கரிவளியையும் நீராவியையும் ஒளிப்பிரிகை வழியே அளக்கும் கருவி அதில் இருந்தது. 2016 சூன் 22-இல் சென்னைச் சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் ஒன்றரைக் கிலோ கோளும், 2017 சூன் 23-இல் குமரி மாவட்டம் குமாரகோயில் நூருல் இசுலாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ எடையுள்ள 'நியுசாட்'டும் சென்றன. முன்னையது வளிமண்டலத்தை ஆய. பின்னையது பயிர்நிலங்களைப் படமெடுக்க. வடகோடியிலும் தென்கோடியிலும் விதை இருக்கிறது என்பதற்கு இவை சான்று. விதைத்தவை தோப்பாக வேண்டுமானால் நீர் பாய்ச்சுவோர் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுத் திட்டத்தை மேலாண்மை செய்தல் என்பது அந்நீர்ப்பாய்ச்சலே.

விண்ணுக்குச் செல்லும் கருவி, ஆய்வகத்து மேசைமேல் இருக்கும் கருவியைப் போன்றது அன்று. ஏவும்போது அது கடுமையாக அதிர்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை உலகைச் சுற்றுகையில், ஒருபால் ஞாயிற்றின் சுடுவெயிலும் மறுபால் நிழலின் கடுங்குளிரும் அதனை மாறி மாறி வருத்துகின்றன. இவ்வேற்றத்தாழ்வில் பற்றவைத்த இடம் விரிசல் காணலாம். காற்றில்லாப் பெருவெளியில் பசையும் நெகிழியும் ஆவியை உமிழும். அவ்வாவி வில்லையின்மேல் படிந்தால் கருவி குருடாகும். பழுது பார்க்க அங்கே எவரும் செல்ல இயலாது. எனவே எல்லாப் பிழைகளையும் நிலத்திலேயே கண்டுபிடித்தாக வேண்டும்.

இதற்காகவே உலகெங்கும் ஓர் ஒழுங்குமுறை வளர்ந்துள்ளது. முதலில் கருவியின் இயக்கத்தை அறிய ஒரு படிமம் செய்வர். அடுத்து, பறப்பில் நேரக்கூடியதைக் காட்டிலும் மிகுந்த அதிர்விலும் வெப்பத்திலும் வருத்திப் பார்க்க ஒரு படிமம் செய்வர். இறுதியாகவே பறக்க வேண்டிய படிமத்தைத் தூசி புகாத அறையில் கட்டுவர். வரைவின் தொடக்கநிலை முடிந்ததும் ஒருமுறை, செய்யத் தொடங்குமுன் ஒருமுறை, ஏவுமிடத்திற்கு அனுப்புமுன் ஒருமுறை என்று, திட்டத்தில் பங்கு பெறாத வல்லுநர்களை அழைத்துக் குறை கூறச் சொல்வர். எடை, மின்னாற்றல், பணம், காலம் ஆகிய நான்கிலும் ஒரு பங்கைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, மேலாளர் ஒப்பினாலன்றி எவரும் அதனைத் தொடாதபடி காப்பர். ஒரு திருகாணியை மாற்றினாலும், யார் மாற்றினார், ஏன் மாற்றினார், எந்நாளில் மாற்றினார் என்பது ஏட்டில் ஏறும்.

இம்முறைக்கு நால்வர் இன்றியமையாதவர். எதனை அளக்க வேண்டும் என்று வரையறுக்கும் முதன்மை ஆய்வாளர் ஒருவர். பணத்தையும் காலத்தையும் ஆளும் திட்ட மேலாளர் ஒருவர். எல்லா உறுப்புகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காணும் அமைப்புப் பொறிஞர் ஒருவர். செய்தவருக்குக் கட்டுப்படாமல் தரத்தை ஆயும் தரக்காப்பாளர் ஒருவர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் இந்நால்வர் சுமையும் ஒரே பேராசிரியரின் தோள்மேல் விழுகிறது. அவர் வகுப்பும் எடுக்க வேண்டும். விடைத்தாளும் திருத்த வேண்டும். அவருக்குப் பதவி உயர்வு தருவோர், அவர் எழுதிய கட்டுரைகளை எண்ணுவரே தவிர, அவர் கட்டிய கருவியை எண்ணுவதில்லை. இந்நிலையில் ஒரு கோள் பறந்ததே வியப்பு. இரண்டாவது எளிதில் வராமைக்கு வேறு கரணியம் தேட வேண்டியதில்லை.

இவ்விடத்தில் கொரியர் செய்ததைத் தமிழர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனமாகிய உண்டாய் மகிழுந்துகளை வெளியிடத் தொடங்கிய ஆண்டு 1998. அதன் ஆலையைத் தமிழர் அனைவரும் அறிவர். அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று செய்ததை அறிந்தோர் சிலரே.

கொரிய உயர் அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் 1989-இல் செயற்கைக்கோள் ஆய்வு நடுவம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய பேராசிரியர் சோய் சூன்தால், தம் மாணாக்கரை இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். 1981-இலேயே சொந்தமாகக் கோள் செய்து ஏவிய பல்கலைக்கழகம் அது. சென்ற மாணாக்கர் அங்கேயே இருந்து முதற்கோளைக் கட்டினர். 1992 ஆகத்தில் அது பறந்தது. பின் அவர்கள் தாய்நாடு திரும்பி, 1993-இல் இரண்டாவது கோளைத் தம் மண்ணிலேயே கட்டினர். மூன்றாவது கோளின் வரைவும் முற்றும் அவர்களுடையதாயிற்று. அந்த மூன்றாவது கோள் 1999 மே 26-ஆம் நாள் விண்ணேறிய இடம் எது? சிரீ அரிக்கோட்டை! இந்தியாவின் பி.எசு.எல்.வி.–சி2 ஏவூர்தியே அதனைச் சுமந்து சென்றது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோளும் அதே ஊர்தியில் உடன் சென்றது.

அயலார் பல்கலைக்கழகக் கோள்கள் திருப்பெரும்புதூருக்கு வடக்கே, நெல்லூர்க் கடற்கரையிலிருந்து கிளம்பி ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்த பின்னரே தமிழ்நாட்டின் முதற் பல்கலைக்கழகக் கோள் கிளம்பியது. அதற்குள் அக்கொரிய நடுவத்தில் பழகியவர்கள் தனி நிறுவனமே அமைத்துவிட்டனர். 'அனுசாட்' பறந்த அதே 2009-ஆம் ஆண்டின் சூலைத் திங்களில், அந்நிறுவனத்தின் துணையால் உருவான மலேசியாவின் 'ரசாக்சாட்'டும் துபாயின் 'துபாய்சாட்–1'உம் விண்ணில் ஏறின. மாணாக்கராய்க் கற்கச் சென்றவர்கள் இருபதே ஆண்டில் பிற நாட்டார்க்குக் கற்பிப்போராயினர்.

அவர்கள் தமிழரினும் அறிவில் மிக்கவரா? அல்லர். அவர்கள் ஒரு கோளைத் திட்டமிடவில்லை. ஒன்றையடுத்து ஒன்றாகக் கோள்வரிசையைத் திட்டமிட்டனர். முதற்கோளில் பழகிய கைகளே இரண்டாவதையும் கட்டின. இரண்டாவதைக் கட்டிய கைகள் மூன்றாவதற்கு வழிகாட்டின. கைகள் கலையவில்லை; எனவே அறிவும் கலையவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்திலும் இதே நெறியைக் காணலாம். 1948-இல் தொடங்கப்பட்ட அதன் விண்வெளி ஆய்வகத்தில் நிலையான ஊதியம் பெறும் பொறிஞர்களும் மாணாக்கரும் அருகருகே பணியாற்றுகின்றனர். ஞாயிற்றுக் குடும்பத்தின் எல்லாக் கோள்களுக்கும் அவ்வாய்வகக் கருவிகள் சென்றுள்ளன. 2006-இல் புறப்பட்டு 2015-இல் புளூட்டோவைக் கடந்த விண்கலத்தில் இருந்த தூசி எண்ணும் கருவி, அங்கு மாணாக்கர் கட்டியது. பயணம் ஒன்பது ஆண்டு. ஒரு மாணாக்கர் தலைமுறை போய் மற்றொரு தலைமுறை வந்தது. நிலையான பொறிஞர்கள் இருந்தமையால் கருவியின் வரலாறு அறுபடவில்லை.

வரைவறிவு இன்றிக் கையுழைப்பு மட்டும் தங்கினால் என்னவாகும் என்பதைத் திருப்பெரும்புதூரே ஒருமுறை கண்டிருக்கிறது. 2006-இல் அங்குத் தொடங்கப்பட்ட நோக்கியா கைப்பேசி ஆலை, பல்லாயிரவர்க்குப் பணி தந்தது. அவருள் பெரும்பாலோர் சிற்றூர்ப் பெண்கள். அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டு நிறுவனத்திற்குக் கைமாறியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இவ்வாலை மட்டும் ஒதுக்கி நிறுத்தப்பட்டது. 2014 நவம்பர் 1-ஆம் நாள் மூடப்பட்டது. கோடிக்கணக்கான கைப்பேசிகளைப் பொருத்திய கைகளிடம், தமக்கென ஒரு கைப்பேசியை வரைந்து செய்யும் அறிவு விட்டுச்செல்லப்படவில்லை. பின்னர் வேறு நிறுவனங்கள் வந்தன, பணியும் வந்தது. ஆனால் ஆலைகள் வருவதும் போவதும் அயலார் கணக்கேட்டைப் பொறுத்ததாக இருக்கும்வரை, அவ்வட்டாரத்து இளைஞர் வாழ்வும் அக்கணக்கேட்டிலேயே எழுதப்படும்.

விண்கருவி செய்யும் ஆய்வுத் திட்டம் பல்லாயிரவர்க்குப் பணி தராது என்பது உண்மையே. அது தருவது வேறு. நுண்ணிய பற்றவைப்பு, தூய அறை ஒழுங்கு, அதிர்வாய்வு, பிழையின் வேரைத் தேடும் பழக்கம் ஆகியவற்றை அறிந்த சில நூறு பேரை அது உருவாக்கும். அச்சில நூறு பேரே நாளை மருத்துவக் கருவியும் உழவுக் கருவியும் செய்யும் நிறுவனங்களுக்கு வித்தாவர். சென்னை ஐ.ஐ.டி.யில் எரிதல் ஆய்வுக்கென நெடுநாள் நிலைத்திருந்த நடுவத்தின் அருகிலேயே 'அக்னிகுல்' நிறுவனம் பிறந்து, 2024 மே 30-ஆம் நாள் தன் ஏவூர்தியை முதன்முறையாகப் பறக்கவிட்டது. நிலைத்த ஆய்வகம் இருந்த இடத்தில்தான் புதிய முயற்சி முளைத்தது என்பதைக் காண்க.

"இவையெல்லாம் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பணி, கல்லூரிகளுக்கு எதற்கு?" என்று கேட்போர் உளர். அந்நிறுவனத்தின் தலைமையிலும் திட்டப் பொறுப்புகளிலும் தமிழர் பலர் இருப்பதைக் காட்டி மனநிறைவு அடைவோரும் உளர். 2023 ஆகத்து 23-இல் நிலவில் இறங்கிய கலத்தின் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல்; ஞாயிற்றை ஆயச் சென்ற கலத்தின் திட்ட இயக்குநர் செங்கோட்டை நிகார் சாசி; 2025 சனவரியில் அந்நிறுவனத் தலைமையை ஏற்றவர் குமரி மாவட்டத்து நாராயணன். இவர்களால் தமிழினம் பெருமையுறுகிறது. ஆனால் தனி மாந்தர் புறத்தே சென்று உயர்வது வேறு. அறிவு தமிழ்நாட்டு நிறுவனங்களில் வேரூன்றுவது வேறு. முன்னது உள்ளதனாலேயே பின்னது தானாக வந்துவிடாது.

பல்கலைக்கழகத்தால் மட்டுமே இயலும் பணிகளும் உள்ளன. நிலவில் இறங்கும் கலத்தை ஆய்ந்து பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளே அதற்கு ஏற்றவை என்று கண்டு உதவியோருள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினரும் இருந்தனர். தம் மண்ணை ஊன்றி அறிந்தவர் இருந்த இடத்திற்கு நிலவாய்வே தேடி வந்தது.

விண்வெளித் துறை முழுதும் இந்திய அரசின் கையில் உள்ளது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வியும் பொதுப்பட்டியலுக்குச் சென்றது. ஆகவே தமிழ்நாட்டிற்கு ஆட்சியுரிமை குறைவு என்பதில் ஐயமில்லை. அவ்வுரிமைக்குப் போராடுவது ஒருபுறம் நிகழ வேண்டும். எனினும், கையில் இருப்பதைப் பயன்கொள்ளாமல் இல்லாததையே பேசிக் காலங்கழிப்பது அறிவுடைமை ஆகாது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டரசின் பணத்தால் நடப்பவை. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் வானூர்தித் தொழிலுக்கென்றே நிலம் ஒதுக்கியதும் தமிழ்நாட்டரசே. 2025 ஏப்பிரலில் விண்வெளித் தொழிற்கொள்கைக்கு ஒப்புதல் அளித்ததும் அவ்வரசே. ஒரகடத்து ஊர்தி ஆய்வு நடுவத்தில், மின்காந்த இடையூற்றை அளக்கும் ஆய்வகம் முன்னரே இயங்குகிறது. பி.எசு.எல்.வி. ஏவூர்தியின் நான்காம் நிலையையே ஆய்வுமேடையாக்கிச் சிறு கருவிகளைச் சுமக்கும் ஏற்பாடும் 2022 முதல் விரிவடைந்துள்ளது. 2024 திசம்பரில் அம்மேடையில் 24 கருவிகள் சென்றன. எனவே தனிக்கோள் கட்ட இயலாத கல்லூரியும் ஒரு கருவியைக் கட்டி அனுப்பலாம். கதவு திறந்திருக்கிறது, நுழைவதற்கு ஆயத்தமான குழுக்கள் வேண்டும்.

தமிழ்நாட்டரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டுவன தெளிவானவை. முதலாவது, ஒரு கோளுக்கு அன்று, அடுத்தடுத்த மூன்று பறப்புகளுக்குச் சேர்த்தே ஒப்புதலும் பணமும் தருதல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு திட்டத்திலும் படிப்பு முடிந்து செல்லாத, நிலையான பொறிஞர்களையும் கைவினைஞர்களையும் அமர்த்துதல் வேண்டும். திட்ட மேலாளர் பணியைப் பேராசிரியர் தலையில் சுமத்தாமல் தனிப் பதவியாக்குதல் வேண்டும். மூன்றாவது, வல்லம் வடகாலில் தூய அறை, வெற்றிட வெப்ப அறை, அதிர்வு மேடை ஆகியவை கொண்ட பொது ஆய்விடம் ஒன்றை அமைத்து, சிறிய கல்லூரியும் குறைந்த கட்டணத்தில் பயன்படுத்த வழிசெய்தல் வேண்டும். நான்காவது, பறந்த கருவியைக் கட்டிய ஆசிரியர்க்கு அதனையே பெருந்தகுதியாகக் கொண்டு பதவி உயர்வு தருதல் வேண்டும். ஐந்தாவது, வெற்றியையும் தோல்வியையும் மறைக்காது எழுதிய குறிப்பேடுகளை எல்லாக் கல்லூரிகளும் படிக்கும்படி ஓரிடத்தில் தொகுத்தல் வேண்டும்.

அக்குறிப்பேடுகள் தமிழில் இருத்தல் வேண்டும் என்பதைத் தனியே வற்புறுத்த வேண்டியுள்ளது. இது வெறும் மொழிப்பற்றால் எழுந்த வேண்டுகோள் அன்று. கம்பியைப் பற்றவைப்பவரும், திருகாணியை முடுக்குபவரும், உறுப்புகளை எண்ணி வைப்பவரும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் தொழில்நுட்பப் பயிலகங்களிலும் பயின்ற சிற்றூர்ப் பிள்ளைகள். செய்முறைத் தாள் அவர்கள் சிந்திக்கும் மொழியில் இருந்தால், "இப்படிச் செய்" என்னும் கட்டளையோடு "ஏன் இப்படி" என்னும் விளக்கமும் அவர்களுக்கு எட்டும். ஏன் என்று அறிந்த கையே பிழையை முன்கூட்டி உணரும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் அமைப்பியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. மின்னணுவியலும் விண்பொறியியலும் அவ்வழியில் நடைபோடத் தடையாக இருப்பது மொழியின் வறுமை அன்று, துணிவின் வறுமையே.

பெயரிலும் இத்துணிவின்மை வெளிப்படுகிறது. அனுசாட், எசு.ஆர்.எம்.சாட், நியுசாட், சிட்சாட் என்று, தமிழர் கட்டிய கோள்கள் பலவும் ஆங்கில எழுத்துகளையே நெற்றியில் சூடிச் சென்றன. கொரியரோ உலகத்தார்க்குக் 'கிட்சாட்' என்று ஒரு பெயர் சொல்லிவிட்டு, தம் மக்களுக்கு 'உரிபியோல்' என்று பெயரிட்டனர். அத்தூய கொரியச் சொல்லுக்கு 'எங்கள் விண்மீன்' என்பது பொருள். பிற நாட்டில் போய்க் கற்றுக் கட்டிய முதற்கோளையே தங்கள் விண்மீன் என்று அழைத்தவர்கள், ஏழே ஆண்டில் அப்பெயரை உண்மையாக்கிக் காட்டினர்.

குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு 2024 பிப்பிரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தமிழ்மண்ணிலிருந்து ஏவூர்திகள் கிளம்பும் காலம் நெருங்குகிறது. கிளம்பும் ஊர்தியில் தமிழர் வரைந்த கருவி இருக்குமா, அன்றி அயலார் கருவிக்குத் தமிழ்மண் வழியனுப்பும் மேடையாக மட்டும் நிற்குமா என்பது, இப்பொழுது பல்கலைக்கழகங்களில் எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது. சுங்குவார்ச்சத்திரத்தில் இனி ஒரு மாணாக்கர் குழு கருவி கட்ட அமரும்போது, முன்னவர் எழுதி வைத்த குறிப்பேட்டைத் தமிழில் படித்துவிட்டு, முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்வதே பொறுப்பிலுள்ளோர் கடமை. செய்யும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது தமிழர் கடமை.